கடைவீதியை நெடுஞ்சாலை ஆக்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

சாலைகள் குறித்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே சிக்கலை வெவ்வேறு கோணங்களில் தொட்டிருந்ததால், இம்முறை அவற்றை மட்டுமே எடுத்துக்கொண்டிருக்கிறோம். பதிலளிப்பவர் நெடுஞ்சாலைப் பணியில் அனுபவமுள்ள பொறியாளர்.

கேள்வி: எங்கள் பேரூராட்சியின் கடைவீதி வழியாகத்தான் மாநில நெடுஞ்சாலை செல்கிறது. அதை நான்கு வழியாக அகலப்படுத்தி, நடுவே தடுப்புச்சுவர் வைக்கப் போகிறார்கள். ஊர் வளரும் என்கிறது ஒரு தரப்பு. ஊரே இரண்டாகப் பிளந்துவிடும் என்கிறது இன்னொரு தரப்பு. நீங்கள் எந்தப் பக்கம்?
– வாசகர், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: இரண்டாம் தரப்பின் பக்கம். சாலையை அகலப்படுத்துவதே தவறு என்று நான் சொல்லவில்லை. அந்தச் சாலை என்ன வேலை செய்ய வேண்டும் என்று தீர்மானிக்காமலேயே அதன் அகலத்தைத் தீர்மானித்துவிட்டார்கள் என்பதுதான் என் மறுப்பு.

ஒரு சாலையால் செய்யக்கூடிய வேலைகள் அடிப்படையில் இரண்டு. தொலைவிலிருந்து வரும் வண்டிகளைத் தடையின்றிக் கடத்திவிடுவது ஒன்று; வீடுகளுக்கும் கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் வாசலாக இருந்து, மக்கள் நிற்கவும் கடக்கவும் சரக்கு இறக்கவும் இடம் கொடுப்பது மற்றொன்று. முதல் வேலையைச் செய்யும் சாலையின் ஓரத்தில் வாசலே திறக்கக் கூடாது; இரண்டாவது வேலையைச் செய்யும் சாலைக்கோ வாசல்கள்தாம் உயிர். இரண்டையும் ஒரே தார்ப்பரப்பில் செய்ய முயலும்போது, மாலை ஆறு மணிக்கு அது நகராத சாலையாகவும், இரவு பதினொரு மணிக்கு லாரிகள் 80 கி.மீ. வேகத்தில் பாயும் சாலையாகவும் மாறிவிடுகிறது. புதிதாகச் சேர்க்கும் ஓரத்து இரண்டு வழிகளையும் பகலில் கடைக்கு வந்தவர்களின் இருசக்கர வாகனங்களும் ஷேர் ஆட்டோக்களும் எடுத்துக்கொள்ளும். ஆக, கடைவீதியில் அகலம் கூடினால் பகலில் கிடைப்பது வண்டி நிறுத்தும் இடம். இரவில் கிடைப்பது வேகம். திட்ட அறிக்கையில் எழுதியிருக்கும் பயன் எந்த வேளையிலும் முழுதாகக் கிடைப்பதில்லை.

இப்படி இரண்டு வேலைகளையும் ஒருசேரச் செய்ய முயலும் சாலைகளில்தான் உயிர்கள் போகின்றன. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. அவர்களில் 61,038 பேர் தேசிய நெடுஞ்சாலைகளிலும் விரைவுச்சாலைகளிலும், 41,012 பேர் மாநில நெடுஞ்சாலைகளிலும் இறந்தவர்கள். நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பங்கே உள்ள சாலைகளில், நூற்றுக்கு அறுபது பேர் இறந்திருக்கிறார்கள். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு 64,105 என்ற கணக்கோடு நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது.

இது நம் நாட்டுக்கு மட்டுமான நோயும் அல்ல. அமெரிக்க நகர்ப்புறங்களின் ஓரத்தில், இருபுறமும் கடைகளும் அவற்றின் வண்டி நிறுத்தங்களும் வரிசையாக நிற்கும் ஐந்து, ஆறு வழிச் சாலைகளைப் பற்றி மினசோட்டாவைச் சேர்ந்த சார்லஸ் மரோன் என்ற பொறியாளர் பல ஆண்டுகளாக இதையே சொல்லிவருகிறார்: சாலையாகவும் உதவாமல் வீதியாகவும் உதவாமல், கட்டுவதற்கும் காப்பதற்கும் பெருஞ்செலவு வைப்பவை அவை. 2022இல் அமெரிக்காவில் வாகனம் மோதி இறந்த பாதசாரிகள் 7,500க்கும் அதிகம். அவர்களில் பெரும்பாலோர் இறந்தது இத்தகைய சாலைகளில்தான். வேலி போட்ட அதிவேகச் சாலைகளில் அல்ல.

கேள்வி: பிற நாடுகளில் எந்தச் சாலை எந்த வகை என்று எப்படிப் பிரிக்கிறார்கள்? பெயர்ப்பலகை வைத்தால் போதுமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: இதை மிகவும் முறையாகச் செய்த நாடு நெதர்லாந்து என்பதால், அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

1970களின் தொடக்கத்தில் அந்தச் சிறிய நாட்டில் ஆண்டுக்கு 3,000க்கும் மேற்பட்டோர் சாலையில் இறந்துகொண்டிருந்தார்கள். 2023இல் அந்த எண்ணிக்கை 684. சீட் பெல்ட், தலைக்கவசம், மது அருந்தி ஓட்டுவதற்கு எதிரான சட்டம், மருத்துவ வசதி எல்லாவற்றுக்கும் இதில் பங்குண்டு. ஆனால் 1992இல் அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் முன்வைத்த ஒரு கொள்கைதான் சாலைகளின் உருவத்தையே மாற்றியது. மனிதன் தவறு செய்வான், அவன் உடல் எளிதில் உடையும். ஆகவே தவறு நேர்ந்தாலும் உயிர் போகாத அளவுக்குச் சாலையே அமைய வேண்டும் என்பது அதன் சாரம். அதிலிருந்து பிறந்த முதல் விதி, ஒரு சாலைக்கு ஒரு வேலை.

1997இல் மத்திய அரசும் மாகாணங்களும் நகராட்சிகளும் நீர் வாரியங்களும் ஒன்றுகூடி இதை நடைமுறைக்குக் கொண்டுவர உடன்பட்டன. (ஏரிக்கரைச் சாலை பொதுப்பணித் துறையுடையதா, ஊராட்சியுடையதா என்ற வழக்கில் அலைந்தவர்களுக்கு, அங்கே கால்வாய்க் கரைச் சாலைகளுக்கு நீர் வாரியமே உரிமையாளராக இருப்பது வியப்பாக இராது.) நாட்டின் எல்லாச் சாலைகளையும் மூன்று வகைகளில் ஒன்றில் போட வேண்டும் என்பது ஏற்பாடு. கடத்திவிடும் சாலை முதல் வகை: எதிரெதிர்ப் போக்குவரத்து பிரிக்கப்பட்டிருக்கும், குறுக்குச் சாலைகள் மேலேயோ கீழேயோ போகும், சைக்கிளுக்கும் டிராக்டருக்கும் அனுமதி இல்லை, வேகம் 100 அல்லது அதற்கும் மேல். வாழும் சாலை கடைசி வகை: ஊருக்குள் 30, வயல்வெளியில் 60. இரண்டையும் இணைக்கும் சாலை நடுவில் வருவது: ஊருக்குள் 50, வெளியே 80.

இனி உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பலகையைப் படித்துவிட்டு யாரும் வேகத்தைக் குறைப்பதில்லை; சாலையைப் பார்த்துத்தான் குறைக்கிறார்கள். எனவே வகையைச் சாலையே சொல்லும்படி அமைத்தார்கள். வயல்வெளியின் 60 கி.மீ. சாலையில் நடுக்கோடு கிடையாது. இரண்டு ஓரங்களிலும் விட்டுவிட்டு வரும் கோடுகள் மட்டும், நடுவில் ஒரு வண்டிக்கு அளவான இடம். எதிரே வண்டி வந்தால் இருவரும் வேகத்தைக் குறைத்து ஓரம் ஒதுங்கியே ஆக வேண்டும். 80 கி.மீ. சாலையில் நடுவே இரட்டைக்கோடு உண்டு, 100 கி.மீ. சாலையாக இருந்தால் அந்த இரட்டைக்கோட்டின் இடைவெளி பச்சை நிறத்தில் இருக்கும். ஊருக்குள் 30 கி.மீ. தெருக்கள் பெரும்பாலும் செங்கல் பாவியவை. டயர் எழுப்பும் ஓசையே ஓட்டுநரை எச்சரிக்கும். பெரிய சாலையிலிருந்து தெருவுக்குத் திரும்பும் முனையில் நடைபாதை அறுபடாமல் அதே உயரத்தில் தொடரும். வண்டிதான் அதன்மேல் ஏறி இறங்கிப் போக வேண்டும். யாருடைய இடத்துக்குள் யார் நுழைகிறார்கள் என்பதை அதற்குமேல் தெளிவாகச் சொல்ல முடியாது.

வேக அளவுகளுக்கும் கணக்கு உண்டு. பாதசாரியும் வண்டியும் கலக்கும் இடத்தில் 30, பக்கவாட்டில் மோத வாய்ப்புள்ள சந்திப்பில் 50, நேருக்கு நேர் மோத வாய்ப்புள்ள சாலையில் 70. இவை எதற்கும் வாய்ப்பில்லாதபோதுதான் 100. வேகம் இரு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும் என்ற பள்ளிக்கூட இயற்பியல்தான் இதன் அடிப்படை.

அங்கும் எல்லாம் ஒழுங்காகிவிட்டது என்று எண்ண வேண்டாம். நடுவகைதான் அவர்களுக்கும் இன்றுவரை தலைவலி. தடுப்பில்லாத 80 கி.மீ. சாலை அவர்களுடைய 70 கி.மீ. கணக்கையே மீறுகிறது, கடைகள் நிறைந்த 50 கி.மீ. நகரச் சாலையும் இரண்டு வேலைகளைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. 2020இல் அந்நாட்டு நாடாளுமன்றம், ஊர்ப்பகுதிகளில் 30 என்பதையே பொது வேகமாகக் கொள்ள வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியதும், ஆம்ஸ்டர்டாம் நகரம் 2023 டிசம்பரில் தன் பெரும்பாலான தெருக்களை 50இலிருந்து 30க்கு இறக்கியதும் அந்தத் தலைவலியின் தொடர்ச்சிதான்.

கேள்வி: எங்கள் ஊருக்குப் பைபாஸ் வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. பழைய சாலையில் லாரிகள் குறைந்துவிட்டன, விபத்து குறையவில்லை. ஏன்?
– வாசகர், நாமக்கல்

பதில்: பழைய சாலைக்கு வேலை மாறியது, உருவம் மாறவில்லை. முன்பு லாரி நெரிசலே வேகத்தைக் கட்டுப்படுத்தி வைத்திருந்தது. அந்த நெரிசல் போனபின், தேசிய நெடுஞ்சாலைக்கென அமைத்த அகலமும் வளைவும் அப்படியே காலியாகக் கிடக்கின்றன. அதில் ஓர் இளைஞர் மோட்டார் சைக்கிளை 80 கி.மீ. வேகத்தில் ஓட்டுவதில் வியப்பென்ன?

புறவழிச்சாலை திறந்ததும் பழைய பாதை மாநில அரசுக்கோ உள்ளாட்சிக்கோ ஒப்படைக்கப்படுகிறது. அப்போது ஒருமுறை மேம்பாட்டுக்கென மத்திய அரசு நிதி தருவதும் வழக்கம். அந்தப் பணம் பெரும்பாலும் மேல்தளத்தைப் புதுப்பிப்பதில் போய்விடுகிறது. அதாவது, வேகம் குறைய வேண்டிய சாலை இன்னும் வழுவழுப்பாகிறது. நெதர்லாந்தில் சுற்றுச்சாலை திறக்கும்போதே பழைய சாலையைத் தரம் இறக்கும் பணியையும் அதே திட்டத்தில் சேர்த்துவிடுவார்கள். தார்ப்பரப்பைக் குறுக்கி, நடைபாதையை அகலப்படுத்தி, சந்திப்புகளை மேடாக்கி, வெளியூர் வண்டிக்கு அந்த வழி லாபமில்லை என்ற நிலையை உண்டாக்கிவிட்டுத்தான் நகராட்சியிடம் கொடுப்பார்கள். உங்கள் நகராட்சியும் அந்த ஒருமுறை நிதியை அப்படிக் கேட்டிருக்கலாம்.

கேள்வி: சென்னையில் எத்தனை வட்டச்சாலை போட்டாலும் போதவில்லையே?
– வாசகர், சென்னை

பதில்: ஒவ்வொரு வட்டச்சாலையும் சில ஆண்டுகளில் கடைவீதியாகிவிடுவதால் அடுத்த வட்டம் தேவைப்படுகிறது. உள்வட்டச் சாலையான ஜவஹர்லால் நேரு சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். நகரைச் சுற்றிக்கொண்டு போகும் வண்டிகளுக்காக வந்தது அது. அதன் ஓரத்திலேயே 1996இல் கோயம்பேடு சந்தையும் 2002இல் வெளியூர்ப் பேருந்து நிலையமும் வந்தன. வடபழனியிலும் அசோக் நகரிலும் கடைகள், மருத்துவமனைகள், திருமண மண்டபங்கள் நேரடியாக அதன்மீதே வாசல் திறந்தன. 2015இல் கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூர் வரை மெட்ரோ ரயிலும் அதன்மேல் ஓடத் தொடங்கியது. இன்று அதை யாரும் வட்டச்சாலை என்று அழைப்பதில்லை. நூறடி ரோடு என்றுதான் சொல்கிறார்கள். மக்கள் அதன் வேலையைச் சரியாகவே புரிந்துகொண்டிருக்கிறார்கள். சந்திப்புக்குச் சந்திப்பு மேம்பாலம் கட்டி அதை இன்னும் நெடுஞ்சாலையாகவே நடத்திவருபவர்கள் பொறியாளர்களாகிய நாங்கள்தான்.

அதன்பின் பெருங்களத்தூரிலிருந்து புழல் வரை 32 கி.மீ. நீளத்துக்குப் புறவழிச்சாலை, அதன்பின் வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கி.மீ. வெளிவட்டச் சாலை, இப்போது எண்ணூர்ப் பக்கமிருந்து மாமல்லபுரம் வரை 130 கி.மீ.க்கும் மேல் நீளும் எல்லைச் சாலை. புறவழிச்சாலை தன் வேலையை ஓரளவு தக்கவைத்துக்கொண்டதற்குக் காரணம், அதில் நினைத்த இடத்தில் வாசல் திறக்க முடியாது. வருவதும் போவதும் சர்வீஸ் ரோடு வழியாகத்தான். வெளிவட்டச் சாலைக்கு 122 மீட்டர் அகலத்தில் நிலம் எடுத்து, இருபுறமும் சர்வீஸ் ரோடு வைத்ததும் நல்ல முன்யோசனை. ஆனால் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் அதன் தென்முனைக்கு அருகிலேயே, சென்னையிலிருந்து தெற்கே செல்லும், ஏற்கெனவே நெரியும் ஜி.எஸ்.டி. சாலைமீது வந்திருப்பதைப் பார்க்கும்போது, கோயம்பேட்டின் கதை மறுபடி தொடங்குவதாகவே எனக்குப் படுகிறது.

ராஜீவ் காந்தி சாலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐ.டி. எக்ஸ்பிரஸ்வே என்று பெயரிட்டு, ஆறு வழி போட்டு, சுங்கமும் வசூலித்த அந்தச் சாலையின் இருபுறமும் கல்லூரிகளும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் பிரியாணிக் கடைகளும் நேராகச் சாலைமீதே திறக்கின்றன. அதை எக்ஸ்பிரஸ்வே ஆக்க இனி வழியில்லை. மெட்ரோ பணி முடியும்போது அதை ஒரு நகரப் பெருவீதியாக ஒப்புக்கொண்டு, அகலமான நடைபாதையும் தரைமட்டத்தில் கடக்கும் இடங்களும் பேருந்துக்குத் தனி வழியும் கொடுப்பதுதான் நேர்மையான வழி.

கேள்வி: மாநில நெடுஞ்சாலையை மாவட்டச் சாலையாக வகை மாற்றினால் வேகம் குறையுமா?
– வாசகர், புதுச்சேரி

பதில்: குறையாது. அதற்கு நாடே ஒரு சோதனை நடத்திப் பார்த்துவிட்டது. நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை இருக்கக் கூடாது என்று 2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாடு அரசு எதிர் கே. பாலு என்ற வழக்கு அது. 2017 மார்ச்சில் 20,000 பேருக்குக் குறைவாக வாழும் உள்ளாட்சிகளில் இந்தத் தொலைவு 220 மீட்டராகக் குறைக்கப்பட்டது. கடையை நகர்த்துவதைவிடச் சாலையின் பெயரை நகர்த்துவது எளிது என்று பல மாநிலங்களுக்குத் தோன்றியது. சண்டிகர் நிர்வாகம் நகருக்குள் செல்லும் நெடுஞ்சாலைகளை மாவட்டச் சாலைகள் என அறிவித்தது. நகருக்குள் அப்படிச் செய்வதில் தவறில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் நீதிமன்றமும் சொன்னது.

வேடிக்கை என்னவென்றால், நகருக்குள் ஓடும் சாலையை நகரச் சாலை என்று அழைப்பது கொள்கையளவில் சரியான முடிவே. காரணம் மட்டும்தான் தவறாக அமைந்தது. ஒரே இரவில் ஏராளமான சாலைகள் ஆவணத்தில் நெடுஞ்சாலை என்ற தகுதியை இழந்தன. அவற்றில் ஒரு மீட்டர் நடைபாதைகூட அதனால் கூடவில்லை. காகிதம் மாறியது பயனற்றது என்று சொல்லவும் மாட்டேன். சாலை எந்தத் துறையின் கையில் இருக்கிறது, எந்த விதிநூல் அதற்குப் பொருந்துகிறது என்பதைக் காகிதமே முடிவு செய்கிறது. தேசிய நெடுஞ்சாலையாக இருக்கும்வரை பாதசாரிகள் கடப்பதற்கான ஒரு மேட்டுக்குக்கூட ஊராட்சியால் வழி செய்ய முடியாது. ஆனால் காகிதத்துக்குப் பின் கடப்பாரை வர வேண்டும்.

கேள்வி: பள்ளிக்கு எதிரே வேகத்தடை கேட்டுச் சாலை மறியல் செய்தோம். போலீசார் இரும்புத் தடுப்புகளை வைத்துவிட்டுப் போனார்கள். வேகத்தடை போட ஏன் மறுக்கிறார்கள்?
– வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: தேசிய நெடுஞ்சாலைகளில் வேகத்தடை கூடாது என்பது மத்திய அமைச்சகத்தின் நிலைப்பாடு, இருப்பவற்றையும் அகற்றச் சொல்லி 2016இல் சுற்றறிக்கை அனுப்பினார்கள். கடத்திவிடும் சாலைக்கு அது சரியான விதி. 80இல் வரும் வண்டிக்கு முன்னால் திடீர் மேடு வைப்பதும் ஆபத்தே. ஆனால் பள்ளிக்கு எதிரே 80இல் வண்டி வரும்படி சாலை அமைந்ததற்கு அந்த விதியில் பதில் இல்லை. குறுக்கும் நெடுக்கும் வைக்கும் இரும்புத் தடுப்புகள், சாலையின் வடிவமைப்பு தோற்ற இடத்தில் போலீசார் போடும் கட்டு. இரவில் ஒளிப்பட்டை உதிர்ந்துபோன தடுப்பே விபத்துக்குக் காரணமாவதும் உண்டு. ஊர் எல்லையிலேயே சாலையைக் குறுக்கி, ஒரு ரவுண்டானா வைத்து வேகத்தை 40க்குக் கொண்டுவந்துவிட்டால், பள்ளி வாசலில் உயர்த்திய கடப்பிடம் அமைப்பதில் எந்த ஆபத்தும் இல்லை.

கேள்வி: சாலையைக் குறுக்கினால் வியாபாரம் படுத்துவிடும் என்கிறார்கள் எங்கள் வணிகர் சங்கத்தினர்.
– வாசகர், விருதுநகர்

பதில்: போகிற போக்கில் வாங்கும் கடைகளுக்கு, அதாவது பெட்ரோல் பங்க், நெடுஞ்சாலை உணவகம், பஞ்சர் கடை போன்றவற்றுக்கு அடி விழும். அதை மறைப்பதில் பயனில்லை. ஜவுளி, பாத்திரம், மளிகை போன்றவற்றின் வாடிக்கையாளர்கள் சுற்று வட்டாரத்தினர். அவர்களை விரட்டுவது நெரிசலும் பயமும்தான். கலிஃபோர்னியாவின் லங்காஸ்டர் நகரம் 2010இல் தன் முக்கிய வீதியை ஐந்து வழியிலிருந்து இரண்டாகக் குறைத்து, நடுவில் மரங்களும் நடக்கவும் வண்டி நிறுத்தவும் இடமுமாக மாற்றியது. காலியாகக் கிடந்த கடைவீதிக்குப் புதுக் கடைகள் வந்தன. 2019இல் திறந்த சென்னைப் பாண்டி பஜார் நடைபாதை வளாகமும் நமக்குத் தெரிந்ததே. ஆனால் அதை மட்டும் காட்டி உங்கள் சங்கத்தைச் சம்மதிக்க வைக்க முயல வேண்டாம். அது முழுக்க நகரத்துக்குள் இருக்கும் வீதி. திருநெல்வேலிக்குப் போகும் பேருந்து அதன் வழியாகப் போவதில்லை.

கேள்வி: எங்கள் கிராமத்தை ஒட்டி நான்குவழிச் சாலை வந்தபின், எதிர்ப்பக்க வயலுக்கு டிராக்டரில் போக மூன்று கி.மீ. சுற்ற வேண்டியிருக்கிறது, பலரும் எதிர்த்திசையில் ஓட்டுகிறார்கள். வெளியூர்ப் பேருந்துகள் பாலத்தின் மேலேயே இறக்கிவிடுகின்றன. கடத்திவிடும் சாலை என்று நீங்கள் சொல்வது இதுதானா?
– வாசகர், பெரம்பலூர் மாவட்டம்

பதில்: அரைகுறையாகச் செய்த கடத்திவிடும் சாலை இது. ஒரு சாலையிலிருந்து உள்ளூர் வேலையைப் பிடுங்கினால், அந்த வேலையை வேறொரு சாலைக்குக் கொடுத்தாக வேண்டும். நெதர்லாந்தில் 80 கி.மீ. சாலைக்குப் பக்கத்தில் டிராக்டருக்கும் சைக்கிளுக்கும் வீட்டு வாசல்களுக்கும் என இணைச்சாலை ஓடும். நம்மூர்ச் சர்வீஸ் ரோடும் அதே நோக்கம் கொண்டதுதான். ஆனால் ஒவ்வொரு ஓடைப்பாலத்தின் முன்பும் அது நின்றுவிடுகிறது. பாலத்தை அகலமாகக் கட்டினால் செலவு கூடும் என்று அங்கே மிச்சம் பிடிக்கிறார்கள். அந்த இடத்தில் டிராக்டர் பெருஞ்சாலையில் ஏறியே தீர வேண்டும், 100 கி.மீ. வேகம் அனுமதிக்கப்பட்ட சாலையில் 20 கி.மீ. வேகத்தில் ஒரு வண்டி ஏறுகிறது. எதிர்த்திசையில் ஓட்டுபவரைத் தண்டிக்கலாம். ஆனால் மூன்று கி.மீ. சுற்றச் சொல்லும் வரைபடத்தை வரைந்தவருக்கும் அதில் பங்குண்டு.

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் சாலை மேம்பாட்டுத் திட்டத்தின்கீழ் பத்தாண்டுகளில் 2,200 கி.மீ. சாலைகளை நான்கு வழியாகவும் 6,700 கி.மீ. சாலைகளை இரு வழியாகவும் ஆக்குவதாக அறிவித்திருக்கிறார்கள். அவற்றில் எவை உண்மையில் நெடுஞ்சாலையாக வேண்டியவை என்று முதலில் பிரித்தால், என் கணிப்பில் சில வழித்தடங்களே தேறும். எஞ்சியவை ஊர்களைக் கோத்துச் செல்லும் சாலைகள். அவற்றுக்கு வேண்டியது உறுதியான ஓரம், நல்ல வடிகால், ஊருக்கு ஊர் வேகம் குறையும் நுழைவு.

உங்கள் ஊரைப் பொறுத்தவரை, சர்வீஸ் ரோட்டை ஓடைக்கு அப்பாலும் தொடரச் செய்வதையும், டிராக்டர் நுழையும் உயரத்துக்கு ஒரு சுரங்கப்பாதையையும், பேருந்து சர்வீஸ் ரோட்டுக்கு இறங்கி நிற்பதற்கான நிறுத்தத்தையும் ஒரே மனுவாக எழுதி, தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் திட்டச் செயலாக்கப் பிரிவுக்கும் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவின் தலைவரான ஆட்சியருக்கும் கொடுங்கள். விபத்து நடந்த இடங்களைக் கிலோமீட்டர் கல் எண்ணுடன், முதல் தகவல் அறிக்கையின் நகலோடு இணைத்தால், அந்த இடத்தை விபத்துப் பகுதியாக அறிவிக்கக் கோர முடியும். அப்படி அறிவிக்கப்பட்ட இடங்களில் வேலை செய்யத் தனி நிதி ஒதுக்குகிறார்கள். சுரங்கப்பாதைகள் பலவும் அந்த வழியில்தான் கிடைத்திருக்கின்றன.